அப்பாயி வீட்டு வாக்குவாதங்கள்

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. அன்று காலை ஆங்கிலிக்கனாக எழுந்த என் தாத்தா, ராத்திரி சி.எஸ்.ஐ.காரராகப் படுத்தார். திருச்சி தென்னூர் வீட்டைவிட்டு அவர் எங்கும் போகவில்லை. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன்களும் மெத்தடிஸ்டுகளும், அதற்கு முன்பே தங்களுக்குள் கலந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆன நாள் அது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தாத்தா சாகும்வரை இரண்டு விடுதலையையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்.

அப்பாயி அசையவில்லை. அவள் லுத்தரன், தரங்கம்பாடிச் சபை. "நீங்க யாரோட வேணாலும் சேருங்க. நான் பொறந்த சபையிலதான் பொதைக்கணும்" என்று சொல்லிவிட்டாளாம். நான் பிறப்பதற்கு முன் நடந்தது. ஆனால் என் சின்ன வயதில் இந்தச் சண்டை மாதம் இரண்டு முறையாவது மறுஒலிபரப்பாகும் என்பதால், கூட இருந்து பார்த்ததுபோலத்தான் நினைவிருக்கிறது.

தாத்தாவிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. "இந்த ஐக்கியப் பேச்சு எங்க ஆரம்பிச்சுது தெரியுமில்ல? உங்க தரங்கம்பாடியிலதான்." அது உண்மை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். பெரும்பாலும் இந்தியப் போதகர்கள். முன்னால் நின்றவர் தோர்ணக்கல் பேராயர் அசரியா, திருநெல்வேலிச் சீமைக்காரர். வெள்ளைக்காரர் நாட்டுச் சண்டையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அதற்கப்புறம் 28 வருடம் பேசினார்கள். அசரியா 1945 ஜனவரி 1-ல் இறந்துபோனார், பலனைப் பார்க்கவில்லை. "எங்க ஊர்ல ஆரம்பிச்சா? எங்க ஊருக்கு வந்து பேசினாங்க, அவ்வளவுதான்" என்பாள் அப்பாயி. 1948 தொடங்கி சி.எஸ்.ஐ.யும் லுத்தரன்களும் ஆண்டுக்கணக்கில் தனியாகப் பேச்சு நடத்தியும் இணைப்பு நடக்கவில்லை. தாத்தா அதைச் சொல்லிச் சிரிப்பார்: "மேல அறிக்கை மேல அறிக்கையா எழுதினாங்க. பேச்சு முறிஞ்சது நம்ம வீட்டு அடுப்படியிலதான்."

அந்த 28 வருடத்தை எது தின்றது என்று பின்னால் படித்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. பேராயர் தலையில் கைவைத்துப் பட்டம் கொடுக்காத போதகரைப் போதகர் என்று ஏற்கலாமா கூடாதா என்பதுதான் முடிச்சு. அவிழ்க்கவில்லை, ஒத்திவைத்தார்கள். ஏற்கெனவே இருக்கிற போதகர்கள் அப்படியே தொடரட்டும், இனிமேல் வருகிறவர்களுக்குப் பேராயர் கைவைக்கட்டும், எந்தச் சபை மீதும் அதற்கு மனமில்லாத வழிபாட்டையோ போதகரையோ திணிக்க வேண்டாம், முப்பது வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். இதை இங்கிலாந்தில் பலரால் பொறுக்க முடியவில்லை. கவிஞர் டி.எஸ். எலியட் 1943-ல் இதை எதிர்த்து ஒரு சிறு நூலே போட்டார். இங்கேயும் ஆந்திராவின் நந்தியாலில் ஆங்கிலிக்கன்களில் ஒரு பகுதியினர் வர மாட்டோம் என்று வெகுகாலம் வெளியே நின்றார்கள். எலியட்டுக்குப் பிடிபடாத ஒன்று என் தாத்தாவுக்குப் பிடிபட்டிருந்தது என்று நான் நினைக்கிறேன். ஒத்துவராத மனைவியோடு நாற்பது வருடம் குடித்தனம் செய்தவர் அவர்.

அம்மா கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவள். கல்யாணத்தில் ஏகப்பட்ட ரகளை நடந்திருக்கிறது. அது வேறு கதை. எனக்குத் தெரிந்த நாளில், புதன்கிழமை சாயங்காலமானால் பாலக்கரை சகாயமாதா கோயில் நவநாளுக்கு அம்மாவை பஸ் ஏற்றிவிடுவது தாத்தாவின் வேலை. மாதாவிடம் வேண்டுவது தவறு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போய், பஸ் வந்ததும் டிக்கெட்டுக்குச் சில்லறையும் கொடுத்துவிட்டு வருவார். லெந்து நாட்களில் அப்பாயி கவிச்சி சமைக்க மாட்டாள். அம்மாவுக்கு வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை கவிச்சி ஆகாது. தாத்தாவுக்கு இரண்டிலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் தட்டில் விழுவதைச் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும்.

வீட்டை உண்மையில் உலுக்கியவர் சித்தப்பா. பத்தொன்பது இருபது வயதில், மருந்து தொடாத, நகை போடாத, வெள்ளை உடுத்துகிற ஒரு சபையில் சேர்ந்தார். ஒரு சனிக்கிழமை விடியற்காலை காவிரியில் முழுக்கு ஞானஸ்நானம் வாங்கி, தலை ஈரத்தோடு வாசலில் வந்து நின்றார். அப்பாயி துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் துவட்டி முடித்ததும்தான் கேட்டாள்: "அப்ப நான் உன்ன மூணு மாசக் குழந்தையா தூக்கிட்டுப் போயி ஐயர் கையில கொடுத்தது?" ஐயர் என்றால் எங்கள் பக்கம் போதகர். சித்தப்பா, அது செல்லாது, வேதத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை என்றார். அன்றைக்கு அப்பாயி சாப்பிடவில்லை. தாத்தா ஒரு வாரம் ஏதேதோ புத்தகங்களைப் புரட்டி, வசனம் வசனமாகக் குறித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சித்தப்பாவும் விடவில்லை. கூடத்தில் விளக்கு பத்தரை மணிவரை எரியும்.

பின்னால் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, சித்தி தாலியைக் கழற்ற வேண்டும் என்று அந்தச் சபையில் சொன்னபோது, அப்பாயி நேரே அந்த ஊழியரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். என்ன கேட்டாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. தாலி கழுத்தில் இருந்தது.

மருந்து விஷயத்தில் அவள் தந்திரம் வேறு. சித்தப்பாவுக்கு மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி கட்டும். கஷாயம் என்றால் தொட மாட்டார். அப்பாயி மிளகும் திப்பிலியும் சுக்கும் தட்டிப்போட்டு, கொஞ்சம் புளி கரைத்து, ஒரு தக்காளியையும் பிசைந்துவிட்டு, சோற்றில் ஊற்றுவாள். கறுப்பாக இருக்கும். "என்னம்மா இது?" "ரசம்." சித்தப்பா அவளை ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம் பிசைந்து சாப்பிடுவார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்குவார். அவருக்குத் தெரியாமலா இருந்தது?

தெருவில் இரண்டு வீடு தள்ளி, பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கறுப்புச் சட்டைத் தாத்தா. பெரியார் தொண்டர். பெரியார் மாளிகை பக்கத்தில் புத்தூரில்தான். அங்கே போய்வந்த கையோடு எங்கள் திண்ணையில் வந்து உட்காருவார். எங்கள் வீட்டில் யாரையும்விட வேதாகமத்தை ஊன்றிப் படித்தவர் அவர். "சார், மத்தேயுவுல யோசேப்புக்கு அப்பா யாக்கோபு. லூக்காவுல ஏலி. அப்பன் பேரே ரெண்டா இருக்கே, எது நெசம்?" தாத்தா, லூக்கா எழுதியது மரியாளின் வம்ச வழி என்பார். "அப்படின்னு லூக்கா சொல்லலையே?" அம்மா உள்ளேயிருந்து காபி கொடுத்து அனுப்புவாள். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கும் அவர் வருவார், சாமிக்கு இல்லை, பூசணிக்காய்க்கு என்று சொல்லிக்கொண்டு. ஒரு வருடம் கடைசிவரை விடாமல் ஏலத்தை ஏற்றி, சந்தை விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து ஒரு பூசணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

1973 டிசம்பர் 24 காலையில் ரேடியோவில் செய்தி வந்தது, பெரியார் வேலூரில் காலமானார் என்று. மறுநாள் கிறிஸ்துமஸ். அரைத்த மாவு கிடக்கிறது, அதிரசத்துக்குப் பாகு காய்கிறது, சாயங்காலம் தாத்தா பாடகர் குழுவோடு கோயிலில் இருக்க வேண்டும். அவர் போகவில்லை. கறுப்புச் சட்டைத் தாத்தாவுக்கு அழுது அழுது நடை தள்ளாடியது. அவரை ஜங்ஷனுக்குக் கூட்டிப்போய், மெட்ராஸ் ரயிலில் கூட்டத்துக்குள் இடம்பிடித்து உட்காரவைத்துவிட்டு ராத்திரி திரும்பினார். அப்பாயி பொரிந்து தள்ளினாள். கிறிஸ்து பிறப்புக்கு முந்தின ராத்திரி, சாமி இல்லேன்னவருக்காகவா? தாத்தா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அவர் உசிரு போனது நம்ம மிஷன் ஆஸ்பத்திரியிலதான்." அன்று ராத்திரி கேரல் வந்தவர்கள் அந்தப் பூட்டின வீட்டு வாசலைக் கடக்கும்வரை டிரம்மை அடிக்கவில்லை. யார் சொன்னார்களோ தெரியாது.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் ஏதோ சமரச சன்மார்க்கக் குடும்பம் என்று தோன்றிவிடும். அது அப்படி இல்லை.

தாத்தா என்னை ஒருமுறை கன்டோன்மென்ட் செயின்ட் ஜான்ஸ் ஆலயத்துக்குக் கூட்டிப்போய் ஹீபர் பேராயர் கல்லறையைக் காட்டினார். 1826 ஏப்ரல் 3 காலை, கோட்டைக்குள் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் கொடுத்துவிட்டு வந்து, வெயில் தாளாமல் குளிக்க இறங்கிய தொட்டியிலேயே இறந்தவர். 42 வயது. சாவதற்கு முந்தின நாட்களில் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த வழக்கு ஒன்று உண்டு. அதைத் தாத்தா சொல்லவில்லை. தஞ்சாவூரில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாருக்கும் புதிய மிஷனரிகளுக்கும் நடந்த தகராறு. மிஷனரிகள் தமிழ்ப் பாட்டையும் கல்யாணத்தில் பூவையும் தடுத்தார்கள், பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், திருவிருந்தில் எல்லாச் சாதியும் சேர்ந்து உட்கார வேண்டும் என்றார்கள். நான்கையும் ஒரே அநியாயமாகக் கட்டி எதிர்த்தார் சாஸ்திரியார். முதல் மூன்றில் எனக்கு அவர் பக்கம்தான். நாலாவதையும் அதே மூட்டையில் கட்டினாரே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. 1829-ல் மிஷன் வேலை போயிற்று. 1833-ல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று கடிதம் விட்டார். வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். 1840-ல் லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்தது. சாதி விஷயத்தில் அவர்கள் கை தளர்த்தி. போனவர்கள் பலர் அங்கேதான் போனார்கள்.

அப்பாயியின் முன்னோர் லுத்தரனாக நின்றதற்கு அதுதான் காரணமா என்று கேட்க இப்போது ஆள் இல்லை. ஆனால் அப்பமா ரொட்டியா, பேராயர் வேண்டுமா வேண்டாமா என்று கூடத்தில் பத்தரை மணிவரை விளக்கெரித்தவர்கள், இந்த ஒன்றைப் பற்றி மட்டும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

கொல்லைப்புறம் பெருக்கவும் மாட்டுக்கொட்டில் அள்ளவும் வருகிற அம்மாளுக்குக் காபி தனி டம்ளரில். கிணற்றடி மாடத்தில் அது கவிழ்ந்திருக்கும். அவரும் கிறிஸ்தவர். தாத்தா போகிற அதே கோயில்தான், பின்வரிசை. அவர் மகன் தாத்தாவிடம் படித்தவர்; வேதசாஸ்திரம் படித்து முடித்துக் குருப்பட்டம் வாங்கியதும் ஆசீர்வாதம் வாங்க வந்தார். ஐயர் வந்தால் கூடத்தில் நாற்காலி போட்டு வெள்ளி டம்ளரில் காபி என்பது அப்பாயி வீட்டுச் சட்டம். போட்டாள். கொடுத்தாள். அவர் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா பின்னால நிக்கிறாங்க" என்றார். அப்பாயி சமையலறைக்குப் போய் இன்னொரு வெள்ளி டம்ளரோடு கொல்லைக்கு நடந்தாள். அந்த அம்மாள் அதை வாங்க மறுத்து, மாடத்திலிருந்த தன் டம்ளரை எடுத்து நீட்டினார். அப்பாயி சாய்த்து ஊற்றினாள். அந்த நிமிடம் அங்கே ஏன் ஒரு வாக்குவாதம் நடக்கவில்லை என்று எனக்கு இன்றும் கோபம் உண்டு. எத்தனை வசனம் தெரியும் அவர்களுக்கு!

திருச்சியில் இதற்குச் செங்கல்லிலும் சாட்சி உண்டு. மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரித்த சுவர். அதை இடிக்கச் சொல்லிப் போராட்டங்கள் நடந்தன, வழக்கும் போனது. அம்மா வழியில் எங்கள் ஆட்கள் பலர் அந்தத் தோட்டத்தில்தான் கிடக்கிறார்கள்.

தென்னூர் வீடு இப்போது அடுக்குமாடி. குடும்பத்தில் எல்லோருக்கும் நாசூக்கு வந்துவிட்டது. கருத்து ஒத்துவராவிட்டால் வேறு சபைக்குப் போய்விடுகிறார்கள், அல்லது தாங்களே ஒன்று ஆரம்பித்துவிடுகிறார்கள். விசேஷத்தில் சந்தித்தால் பிள்ளைகள் எந்தக் காலேஜ் என்று மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

சித்தப்பா மட்டும் மிச்சம். எண்பதைத் தாண்டியாயிற்று. இப்போது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கேட்டால் "அது ஆகாரத்துல சேர்ந்தது" என்கிறார். போன மாதம் போனில் நான் அந்தச் சுவரைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னேன்.

"எதுக்கு? கர்த்தருடைய எக்காளம் ஊதுறப்ப கல்லறையே பிளக்கும். சுவரா நிக்கும்?"

"அதுக்குள்ள கட்டினவனே இடிச்சா எக்காளத்துக்கு ஒரு வேலை மிச்சம்" என்றேன்.

அவர் விடவில்லை. எசேக்கியேலுக்குப் போனார், எபேசியருக்கு வந்தார். சித்தி நடுவில் வாங்கி, "ரெண்டு பேரும் போனை வைங்க, அவருக்கு பி.பி. ஏறுது" என்றார். அரை மணி கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டார், எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் பிரிவினையின் நடுச்சுவர் தகர்க்கப்பட்டது என்று இருப்பதை நான் எனக்குச் சாதகமாக வளைக்கக்கூடாது, அது யூதருக்கும் புறஜாதியாருக்கும் சொன்னது என்று சொல்வதற்காக. நான் அதுவரை அந்த வசனத்தை எடுக்கவே இல்லை.