இயற்கை என்னும் சாக்கு

பள்ளி முடிந்து, மயிலை லஸ் முனையில் பேருந்துக்காகக் காத்து நின்றோம். உடன் நின்ற நண்பர், மனைவியின் கைப்பேசியை நாள்தோறும் தாம் சோதிப்பதாகப் பெருமையோடு சொன்னார். "ஐயுறுவது ஆணின் இயற்கை, பரிணாம அறிவியலே சொல்கிறது" என்றார். பழைமைவாதி சாத்திரத்தைக் காட்டுவான். பட்டதாரி டார்வினைக் காட்டுகிறார்!

அறிவியல் சொல்வதென்ன? கருவைச் சுமப்பவள் பெண். பேணும் சுமையும் அவளுக்கே மிகுதி. மிகுதியாகச் சுமக்கும் பாலினம் துணையை ஆய்ந்து தேரும், மற்றது போட்டியிடும் என்று 1972-இல் அறிஞர் ராபர்ட் டிரைவர்ஸ் விளக்கினார். பிள்ளை தன்னுடையதா என்னும் ஆணின் ஐயத்திலே பொறாமையின் வேரைத் தேடுவோரும் உண்டு. இருக்கட்டும்! வேரைக் காட்டுவது வேறு. அதற்கு நீர் வார்ப்பது வேறு. பசி இயற்கை, அதனால் பறித்துண்பது உரிமையாகிவிடுமா?

1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு, பிறன் மனைவியைக் கூடிய ஆணைத் தண்டித்தது. அவள் கணவன் இசைந்தாலோ குற்றமில்லை! தன் கணவன் தவறினால் வழக்கிட மனைவிக்கு உரிமையில்லை! இதுவா இயற்கை? உடைமை எண்ணம், தோழர்களே! 2018-இல் உச்சநீதிமன்றம் அப்பிரிவை வீழ்த்தியது. ஏட்டில் வீழ்ந்தது, வீட்டில்?

அன்றிரவு துணைவியார் அடையாற்றில் பணி முடித்துத் தாமதமாக வந்தார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்னும் கேள்வி நமது நாவின் நுனியில் நின்றது. பலநாள் கேட்டிருக்கிறோம், அவர் முகம் வாடக் கண்டிருக்கிறோம். அன்று அதை விழுங்கினோம். தேநீர் கலந்து நீட்டினோம். நண்பருக்குச் சொல்ல நினைத்த அறிவுரை, முதலில் நமக்கே தேவைப்பட்டது.