கட்டணத்தில் சேராதது

எங்கள் திருமணத்தின் 25-ஆம் ஆண்டை முன்னிட்டு, மே மாத விடுமுறைக்கு மாலத்தீவில் ஒரு கடற்கரை விடுதியைத் தேடினோம். ‘தங்குமிடம், உணவு, பானம் எல்லாம் ஒரே கட்டணத்தில்’ என்ற வரியில் நான் மயங்கிவிட்டேன். என் துணைவியாரோ நிதானமாக வாசித்தார். கடல் விமானத்திற்குத் தனிக் கட்டணம். அதுவும் பகலில் மட்டுமே பறக்கும். மே மாதமோ தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம். ஆகவே, விமான நிலையத்திலிருந்து விரைவுப் படகில் சென்றடையக்கூடிய ஒரு சிறு தீவைத் தெரிந்துகொண்டோம்.

பின்பு அவர் மெல்லக் கேட்டார்: “உங்கள் கைப்பேசியும் நம்மோடு வருகிறதா?”

நான் தலைகுனிந்தேன். இத்தனை ஆண்டுகளாய் அவருக்குரிய மாலைவேளைகளைப் பிறருக்கே கொடுத்திருந்தேன். எந்த விடுதியும் அதைக் கட்டணத்தில் சேர்த்துத் தராது.

பிரியமானவர்களே, உங்கள் பயணத்தில் நீங்கள் சேர்ந்திருக்கிறீர்களா?