நேரம் இருந்தது

பாமினி அரசைப் பாடம் நடத்தும்போது அதன் முதலமைச்சர் மஹ்மூத் கவானை நான் எப்போதும் கொலையோடு முடிப்பேன். அவர் செய்த நிர்வாகச் சீர்திருத்தங்கள், நடத்திய போர்கள், கடைசியில் 1481இல் ஒரு போலிக் கடிதத்தை நம்பி சுல்தான் அவர் தலையை எடுத்தது. பீதரில் அவர் 1472இல் கட்டிய மதரசாவுக்கு ஒரே ஒரு வரி. மதரசா என்றால் மனப்பாடமும் சாத்திய கதவும்தான் என்று நம்பியிருந்தேன். யாரும் சொல்லித்தந்ததில்லை, நானாக வளர்த்துக்கொண்ட வெறுப்பு அது.

அந்தக் கட்டடம் மூன்று தளம். நடுவே திறந்த முற்றம், அதைச் சுற்றி வானளாவிய வளைவுகள். கவான் இரானின் கீலான் பகுதிக்காரர். சமர்கந்திலும் இரானிலும் காணும் வடிவத்தைத் தக்காணத்தில் எழுப்பிவிட்டார். மசூதி, விரிவுரைக் கூடங்கள், ஆசிரியர் குடியிருப்பு, மாணவர் அறைகள் எல்லாம் ஒன்றாக இருந்த கல்விச்சாலை. நூலகத்தில் 3,000 சுவடிகள் இருந்ததாகச் சொல்கிறார்கள். உள்ளே காற்றும் வெளிச்சமும் தாராளம்! 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்து, முகப்பில் ஒரு பகுதியும் இரண்டு மினார்களில் ஒன்றும் போயின. மிஞ்சிய மினார் ஏறத்தாழ 130 அடி. அதன்மேல் நெளிநெளியாக ஏறும் வண்ண ஓடுகளில் பெரும்பகுதி உதிர்ந்தும், இருப்பவற்றின் நீலம் இன்னும் மங்கவில்லை.

இதெல்லாம் பின்னால் தனியாகப் போய்ப் பார்த்தது. அதற்கு முன்பே மாணவர்களோடு பீதர் போயிருக்கிறேன். சௌபாரா கோபுரத்திலிருந்து கோட்டைக்குப் போகும் சாலையிலேயே மதரசா இருக்கிறது. பஸ் அதைத் தாண்டித்தான் போயிற்று. "சார், இங்கே இறங்கலையா?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பிலிருந்த ஒரே முஸ்லிம் பையன். நேரமில்லை என்றேன். பொய். அன்று மாலை நானக் ஜீரா குருத்வாராவில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். இறங்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

அதற்குமுன் வகுப்பில் அதிகம் கேள்வி கேட்டவன் அவன்தான். திரும்பி வந்தபின், படிப்பு முடித்துப் போகும்வரை என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டுப் பேசவில்லை.