சி ரூசாவில் ஒரு தமிழ் வகுப்பு

போர்ட்டிக்சன் என்றால் நமக்கெல்லாம் கடல்தான். சனி, ஞாயிறு வந்தால் பாய், அடுப்பு, பிள்ளைகளுக்கு மிதவை என்று கார் நிறைய ஏற்றிக்கொண்டு தெலுக் கெமாங் கரைக்குப் போகிறோம். மாலையில் மணலை உதறிவிட்டுத் திரும்புகிறோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தக் கடற்கரைச் சாலையில்தான் போனேன். வேனில் என்னோடு ஐந்து பேர். தமிழ் பேசிப் பார்ப்பதற்காக வந்தவர்கள்.

நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் மாலையில் அறிமுக மொழி வகுப்புகள் உண்டு. எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், தேர்வு கிடையாது. ஜப்பானிய மொழிக்கும் கொரிய மொழிக்கும் இடம் சீக்கிரமே நிரம்பிவிடும். 1982இல் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’ வந்தபோதே, ஜப்பானுக்குப் படிக்கப் போகும் மாணவர்களுக்கென்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் தனி ஆயத்தப் பிரிவு தொடங்கினார்கள். அன்று பிடித்த மவுசு இன்னும் குறையவில்லை.

என் தமிழ் வகுப்புக்கு வந்தவர்கள் இந்த ஐந்து பேர்தான். மருந்தகத்தில் வேலை பார்க்கும் மலாய் தாதி, நூலகத்துச் சீன நண்பர், கிளந்தானிலிருந்தும் சபாவிலிருந்தும் வந்த இரண்டு மாணவர்கள், ஓர் இந்தோனேசிய ஆராய்ச்சி மாணவி. 1956லேயே மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்டது. இன்றும் 500க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டில் தமிழ் ‘அந்நிய மொழி’ப் பட்டியலில் இருப்பது எனக்குச் சின்ன உறுத்தல்தான். ஆனால் முதல் வகுப்பிலேயே அந்நியம் பாதி போய்விட்டது. கெடாய் என்பது நம் கடை, கப்பால் என்பது கப்பல், செருத்து என்பது சுருட்டு, கல்யாண மேடையில் உட்காரும் மெம்பெலாய் நம் மாப்பிள்ளை. “இத்தனை நாள் தமிழ்தான் பேசிக்கொண்டிருந்தோமா?” என்று தாதி சிரித்தார்.

எட்டு வாரம் முடிந்ததும் எங்காவது போய்ப் பேசிப் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது சி ரூசாவில் இருக்கும் பெரியம்மா.

போர்ட்டிக்சன் பட்டணத்தைத் தாண்டித் தெற்கே போனால் வலது கையில் கடல், இடது கையில் கடைகளும் தங்கும் விடுதிகளும். அப்படியே போனால் சி ரூசா. ‘ரூசா’ என்றால் மலாயில் மான். மானை நான் பார்த்ததில்லை. இதே சாலையில்தான் போர்ட்டிக்சன் போலிடெக்னிக் இருக்கிறது. கடலுக்கு முதுகைக் காட்டி உள்ளே திரும்பினால் பத்து நிமிடத்தில் செம்பனை. சுவா பெத்தோங் போன்ற தோட்டங்களின் பெயரைச் சொன்னால் நெகிரி செம்பிலானில் நம்மவர்கள் பலருக்குத் தாத்தா, பாட்டி ஞாபகம் வரும். இங்கெல்லாம் ஒரு காலத்தில் கித்தா மரங்கள் நின்றன. விடியுமுன் பிரட்டுக்கு நின்று பேர் கொடுத்து, உளியோடு நிரைக்குப் போய், மங்கில் வடிந்த பாலைக் காண்டா வாளியில் சுமந்து வந்தவர்கள் நம் ஆட்கள்.

அறிமுகத் தமிழ் வகுப்பு இந்தத் தோட்டங்களுக்குப் புதிதல்ல என்று வேனில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. வெள்ளைக்கார சின்னத் துரைமார் கப்பல் இறங்கியதும் படித்தாக வேண்டிய மொழி தமிழ். தோட்டத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் ஆயிற்றே. 1919இல் தொடங்கிய தோட்ட நிர்வாகிகள் சங்கம் அவர்களுக்குத் தமிழ்த் தேர்வே நடத்தியது. புத்தகங்களும் இருந்தன. 1915இல் கொழும்பில் வெல்ஸ் என்பவர் எழுதிய ‘கூலித் தமிழ்’ வெளிவந்தது. அதற்கும் முன்னால் இலங்கைத் தோட்டத்துச் சின்னத் துரைகளுக்காக ஒரு சட்டைப்பைக் கையேடு வந்தது. அதன் பெயரே ‘இங்கே வா!’

“புத்தகத்தின் பெயரா அது?” என்றார் நூலக நண்பர்.

பெயர்தான். ஆளைக் கூப்பிடவும் ஏவவும் படித்த தமிழ் வேறு எப்படித் தொடங்கும்?

பெரியம்மாவுக்கு 81 வயது. தோட்டத்து லயத்தை விட்டு வந்து முப்பது வருடமாக மகனோடு தாமான் வீட்டில் இருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மாணவர்களைப் பார்த்து மலாயில் பேசத் தொடங்கிவிட்டார். “மாசோக், மாசோக்! சூடா மாக்கான்?” எட்டு வாரப் படிப்பு வாசலிலேயே நின்றுவிட்டது. தமிழ் படிக்க வருகிறவர்களுக்கு இந்த நாட்டில் இதுதான் பெரிய தடை. நாம் நல்ல மனசோடு உடனே அவர்கள் மொழிக்கு மாறிவிடுகிறோம்.

“பெரியம்மா, தமிழ்ல பேசுங்க. அதுக்குத்தான் வந்திருக்காங்க” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “தமிழ் படிக்கிறாங்களா? எந்தத் தோட்டத்துக்குத் துரையாப் போறாங்க?”

விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்வியில்தான் பழைய கதை வந்தது. பெரியம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. தாத்தா திடீரென்று இறந்துபோனார். காலையிலேயே துரை லயத்துக்கு வந்துவிட்டார். லயத்துக்குள் துரை வருவது சாதாரண விஷயம் இல்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த பாட்டி முன்னால் வந்து நின்றார்.

“நல்ல மனுசன்தான் தம்பி. ஏதோ ஆறுதல் சொல்லணும்னு வந்திருக்காரு. அவர் வாயில வந்தது ‘ஏய், அழாதே’. பிரட்டுல அதட்டுற மாதிரியே வந்துச்சு. ஆத்தா பயந்துபோயி அழுகையை நிறுத்திட்டாங்க. துரைக்கு முகமெல்லாம் சிவந்துபோச்சு. வேற என்ன சொல்றதுன்னு தெரியல. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டாரு.”

மாணவர்களுக்கு மலாயில் சொன்னேன். யாரும் பேசவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. என் பாடத்தின் முதல் பக்கத்தில் இருப்பதும் வா, போ, உட்கார், எடு, கொடு தான். வேர்ச்சொல் என்பதால் கற்பிக்கச் சுலபம். மரியாதைக்குரிய ‘ங்க’ மூன்றாவது வாரத்தில்தான் வரும்.

தாதிதான் கேட்டார், மெதுவாக, தமிழில்: “பாட்டி, துரை என்ன சொல்லணும்?”

பெரியம்மா யோசிக்கவே இல்லை. “ஒண்ணும் சொல்ல வேணாம்மா. எழவு வீட்டுல அடுப்பு எரியாது. ‘பசியாறிட்டீங்களா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்.”

ஐந்து பேரும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார்கள். ‘ற’வில் தடுக்கி விழுந்து எழுந்தார்கள். கிளந்தான் பையன் ‘பசியாரிட்டிங்கா’ என்றபோது பெரியம்மா சிரித்த சிரிப்பு தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். அப்புறம் கோப்பி வந்தது, உருண்டை வந்தது. போலிடெக்னிக்கில் படிக்கும் பேரன் வந்து தமிழிலும் மலாயிலும் கலந்து பேசினான். தோட்டத்தில் இப்போது யார் வேலை செய்கிறார்கள் என்று ஆராய்ச்சி மாணவி கேட்டார். “உங்க ஊர் ஆளுங்க, வங்காளதேசத்து ஆளுங்க, நேப்பாளிங்க” என்றான் பேரன். அவர்கள் மொழியில் அங்குள்ளவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் எதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் கடற்கரையில் சற்று நேரம் நின்றோம். அன்று இரவே முதல் பாடத்தைப் பிரித்து எழுதினேன். வா, போ இரண்டும் மூன்றாவது வாரத்துக்குப் போயின. ‘வாங்க’வும் ‘பசியாறிட்டீங்களா’வும் முதல் பக்கத்துக்கு வந்தன. இலக்கண வரிசை குலைந்துவிட்டது, பரவாயில்லை.

இரண்டு வாரம் கழித்து தாதி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். மருந்தகத்துக்கு வந்த வயதான தமிழர் ஒருவரிடம் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டாராம். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் தமிழில் பேசினாராம்.

“எனக்கு நாலு சொல் புரிந்தது” என்று எழுதியிருந்தார். “அடுத்த வகுப்பு எப்போது?”