பூ முந்துகிறது, விருந்து பிந்துகிறது

குமாயுன் மலைகளில் கோடை விருந்தாளிக்கு முதலில் வருவது சிவப்பு சர்பத். அதன் காலண்டர்தான் இப்போது கலைந்துகிடக்கிறது.

காட்கோதாமுக்கு அப்பால் ரயில் கிடையாது. டெல்லியிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த வண்டி, மலையைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது. மே மாதம் என்றால் காலையிலேயே பிளாட்பாரத்தில் சட்டை நனைகிறது. வெளியே காத்திருக்கும் ஜீப்புகளில் ஒன்றில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டால் பீம்தால் ஏரி, அதைத் தாண்டி பவாலி. அதற்குள் காற்றே மாறிவிடுகிறது. பவாலி, சுற்றுவட்டார மலைகளின் பழச் சந்தை. பிளம்ஸ், பீச், ஆப்ரிகாட் கூடைகளுக்குப் பின்னால் கடைகள்தோறும் வரிசையாக நிற்கின்றன சிவப்பு பாட்டில்கள்.

பார்த்த மாத்திரத்தில் ரோஸ் சிரப் என்றுதான் தோன்றும். வாயில் வைத்தால் ரோஜா வாசனை இல்லை. மெல்லிய புளிப்பு, லேசான துவர்ப்பு, கடைசியில் தேன் மாதிரி ஏதோ ஒன்று. இது புரான்ஷ் பூவின் சாறு. உத்தராகண்டின் மாநில மரம் புரான்ஷ். எல்லை தாண்டினால் நேபாளத்துக்கு அதுவே தேசிய மலர். தாவரவியல் அதை ரோடோடெண்ட்ரான் என்கிறது. சுமார் 1,500 மீட்டருக்கு மேல், கருவாலி மரங்களோடு கலந்து வளரும். ஒவ்வொரு கிளை நுனியிலும் கையகலக் கொத்தாகச் சிவப்புப் பூக்கள். பச்சைக் காட்டில் நெருப்பு பிடித்தது போலிருக்கும் என்று சொல்வது பழைய உவமை. காட்டுத் தீயையும் பார்த்துவிட்ட இந்த மலைவாசிகள் அந்த உவமையை ரசிப்பார்களா என்பது வேறு விஷயம்.

இந்த மரத்துக்குத் தமிழகத்தில் ஒரு பங்காளி உண்டு. இமயமலையை விட்டால் நடுவில் எங்குமே இல்லாமல், நீலகிரி, பழனி மலைகளின் உச்சிச் சோலைகளில்தான் இதே இனம் மறுபடி தலைகாட்டுகிறது. தொட்டபெட்டா போனவர்கள் பார்த்திருக்கலாம், பெயர் தெரியாமலே.

கடை பாட்டிலை விட வீட்டு சர்பத்தே மேல் என்பதில் குமாயுனில் இரண்டு கருத்து கிடையாது. செய்முறை எளிது, வேலை அதிகம். பெண்கள் விடியற்காலையில் கூடையோடு காட்டுக்குப் போகிறார்கள். பெரும்பாலும் கிராமத்தின் வன பஞ்சாயத்துக் காடு. 1931-ல் விதிகள் வகுக்கப்பட்ட அந்த ஏற்பாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. எட்டுகிற கிளைகளில் கொத்தைத் திருகி எடுக்க வேண்டும். கிளையை முறித்தால் அடுத்த ஆண்டு அதில் பூ ஏது? வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்காருகிறார்கள். காம்பு, புல்லிவட்டம், மகரந்தத் தாள்கள் எல்லாவற்றையும் கிள்ளி எறிந்துவிட்டு இதழை மட்டும் சேர்க்க வேண்டும். நடுவே குழந்தைகள் பூவின் அடியை உறிஞ்சித் தேன் குடித்துக்கொண்டிருக்கும்.

கழுவிய இதழ்கள் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் வேகவைக்கிறார்கள். இரும்பும் அலுமினியமும் ஆகாது; நிறத்தைக் கெடுத்துவிடும். கால் மணி, இருபது நிமிடத்தில் இதழ் வெளுத்து, தண்ணீர் நிறம் ஏறுகிறது. இந்தக் கட்டத்தில் எட்டிப் பார்க்கும் புதியவர்களுக்கு ஏமாற்றம்தான். மங்கலான, ஊதா கலந்த கஷாய நிறம். இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும்.

அப்போதுதான் எலுமிச்சை வருகிறது. வடிகட்டிய சாற்றில் சர்க்கரையைக் கரைத்துவிட்டு எலுமிச்சையைப் பிழிந்ததும், கண்ணெதிரே குபீரென்று சிவக்கிறது. மாயம் ஒன்றுமில்லை. பூவின் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற பொருள், புளிப்பு பட்டால் சிவப்பாகும். நீலச் சங்குப்பூ கஷாயத்தில் எலுமிச்சை விட்டால் நிறம் மாறுவதும் இதனால்தான். ஆக, எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல. அது இல்லாவிட்டால் இந்த சர்பத்துக்கு முகமே இல்லை.

எந்த எலுமிச்சை என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. மலைக்கென்று சொந்தமான ரகம், கல்கல். (கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) நம் நார்த்தங்காய் அளவுக்குப் பெருத்த, மஞ்சள் நிறப் பழம். காய்ப்பது குளிர்காலத்தில். வெயில் காயும் மொட்டைமாடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, சுளைகளைத் தயிர், வறுத்தரைத்த பாங் விதை, வெல்லத்தோடு பிசைந்து சாப்பிடுவது இங்கே ஒரு குளிர்காலத் திருவிழா. மிச்சப் பழத்தின் சாற்றைக் கறுத்துக் கெட்டியாகும்வரை காய்ச்சி, சூக் என்ற பெயரில் புட்டியில் அடைத்து வைப்பார்கள். வசந்தத்தில் பூ வரும்போது பழம் முடிந்திருக்கும். கை கொடுப்பது சூக், அல்லது சமவெளியிலிருந்து வரும் சாதாரண எலுமிச்சை.

ஒரு பங்கு சர்பத்துக்கு நாலு பங்கு குளிர்ந்த தண்ணீர். ஏப்ரல் முதல் ஜூன் வரை கல்யாண சீசன். பள்ளி விடுமுறை விட்டதும் டெல்லியிலும் லக்னோவிலும் வேலை பார்ப்பவர்கள் பிள்ளைகளோடு ஊர் திரும்புகிற காலமும் அதுதான். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் கிராமங்கள்கூட இரண்டு மாதம் கலகலக்கின்றன. மேட்டில் ஏறி மூச்சிரைக்க வருகிறவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது இந்தச் சிவப்பு டம்ளர். பாட்டில் லேபிள்கள் இதயத்துக்கு நல்லது, அதற்கு நல்லது, இதற்கு நல்லது என்று அடுக்குவதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை. தாகம் தணியும், அது போதாதா?

எல்லாப் புரான்ஷும் குடிக்க ஏற்றதல்ல என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். இன்னும் உயரத்தில் வெளிர் ஊதாவாகப் பூக்கும் உறவுக்காரச் செடியை யாரும் தொடுவதில்லை. அதன் இலையை மேய்ந்த மாட்டுக்கு விஷம். சிவப்பு மட்டுமே அடுப்புக்கு வரும்.

இந்தச் சிவப்புதான் இப்போது அவசரப்படுகிறது. மார்ச், ஏப்ரலில் பூக்க வேண்டிய மரம் பல ஆண்டுகளில் ஜனவரி, பிப்ரவரியிலேயே பூத்துவிடுகிறது. நூறு ஆண்டுகளில் மத்திய இமயமலையில் புரான்ஷ் பூக்கும் காலம் ஏறக்குறைய மூன்று மாதம் முந்தியிருக்கிறது என்று 2014-ல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. குளிர்காலம் சூடாவதுதான் காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

முதலில் இதை உணர்ந்தவர்கள் குழந்தைகளாக இருக்க வேண்டும். சித்திரை பிறப்பை இந்த மலைகள் மார்ச் நடுவிலேயே கொண்டாடுகின்றன. பூல்தேயி என்று பெயர். விடிந்ததும் சிறுவர் சிறுமியர் கூடையில் புரான்ஷும் மஞ்சள் பியோன்லியும் ஏந்தி வீடு வீடாகப் போய் வாசற்படியில் பூவைப் போட்டுப் பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் அரிசியும் வெல்லமும் தருவார்கள். பூ முந்திக்கொண்ட ஆண்டுகளில் கூடையில் சிவப்பு குறைகிறது. மேட்டுக் காட்டுக்கு ஏறித் தேட வேண்டியிருக்கிறது.

சர்பத்துக்கும் அதே தொல்லை. ஏப்ரலில் காய்ச்சியது மே மாதக் கல்யாணத்துக்குப் புத்தம் புதிதாக இருக்கும். ஜனவரியில் காய்ச்சினால் நான்கைந்து மாதம் காக்க வேண்டும். வீட்டு சர்பத்தில் பதப்படுத்தும் மருந்து இல்லை; நாளாக ஆக, வெயில் ஏற ஏற, சிவப்பு வெளிறிச் செங்கல் நிறமாகி, அப்புறம் பழுப்பு. கடைக்காரர்களில் சிலர் சாயம் கலந்து சமாளிக்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்தால் சந்தேகப்படுவது நல்லது. ஒரே ஒரு லாபம், ஜனவரியில் கல்கல் மரத்திலேயே இருக்கிறது. தாத்தா காலத்தில் சந்திக்காத பழமும் பூவும் இன்று ஒரே அடுப்பில் சந்திக்கின்றன.

தீயும் சேர்ந்துகொண்டது. ஈரம் காக்கும் கருவாலிக் காட்டை ஒட்டி, சட்டெனப் பற்றும் ஊசியிலை பைன் பரவியிருக்கிறது. 2016-ல் உத்தராகண்ட் காடுகள் பற்றி எரிந்தன. 2024 ஏப்ரலில் நைனிதாலைச் சுற்றிய தீயை அணைக்க, விமானப்படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில்தான் தண்ணீர் மொண்டது. காட்கோதாமிலிருந்து வரும் ஜீப் கடக்கிற அதே ஏரி.

பெண்கள் இப்போது வேறு வழி பார்க்கிறார்கள். இதழை நிழலில் உலர்த்தித் துணிப் பையில் கட்டி வைக்கிறார்கள்; பிரிட்ஜ் உள்ள வீடுகளில் சாற்றைச் சர்க்கரை சேர்க்காமல் உறையவைக்கிறார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு எடுத்துக் காய்ச்சினால் போதும். புதுப் பூவின் வாசனை வருமா என்றால், வராது. ராம்கட் பக்கம் ஜூன் மாத விருந்துகளில் டம்ளர்கள் சற்றே மங்கலாகத்தான் வருகின்றன. பரிமாறுகிற பெரியம்மா அதைப் பார்த்து முகம் சுளித்து, ஜாடியில் இன்னும் இரண்டு மூடி எலுமிச்சை பிழிகிறார்.