நாயனத்துக்கு ஒரு நாற்காலி

உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக மறைமலைநகர் போயிருந்தோம். வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட அடிகளாரின் பெயர் தாங்கிய ஊர். ஆலைகள் சூழ்ந்த ஊர். மண்டபத்து மேடையோரம் ஜமக்காளம் விரித்து, நாயனக்காரர் இருவரும் தவில்காரர் இருவரும் அமர்ந்திருந்தனர். மூத்தவர் அப்போதுதான் ஆலாபனையைத் தொடங்கியிருந்தார். மெல்லிசைக் குழுவினர் ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு உள்ளே நுழைந்தனர். பெட்டிகளை வைக்க இடம் வேண்டுமாம்! மணவீட்டார் ஒருவர் வந்தார். வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. விரலை மட்டும் வாயிற்பக்கம் அசைத்தார். நால்வரும் எழுந்தனர். விருந்தினர் செருப்பைக் கழற்றிப் போடும் இடத்தருகே போய் நின்றனர். நின்றபடியே வாசித்தனர்.

நாம் என்ன செய்தோம்? எத்தனை மேடைகளில் தன்மானம் பற்றி முழங்கியிருப்போம்! அன்று காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அதுமட்டுமா? 'கோயில் வாத்தியந்தானே, சடங்குக்கு ஊதுவதுதானே, அது வாயிலில் நின்றால் நமக்கென்ன?' என்று உள்ளுக்குள் ஒரு சமாதானமும் எழுந்தது. பகுத்தறிவு பேசும் தோழர் பலருக்கும் இந்த எண்ணம் உண்டென்பதை நாம் அறிவோம். அந்த எண்ணத்தின் தலையில் ஓங்கிக் குட்டக்கூடிய வாழ்வு ஒன்று உண்டு: திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வாழ்வு.

1898 ஆகஸ்டு 27ஆம் நாள் பிறந்தவர். தம்மை வளர்த்து ஆளாக்கிய திருமருகல் நடேச பிள்ளையின் ஊரையும் பேரையுமே தலைப்பெழுத்தாக வைத்துக்கொண்டவர். அவர் பிறந்த காலத்தில் நாயனக்காரரின் நிலை என்ன? வியர்வை ஆறாய் ஓடினாலும் தோளில் துண்டு போடக் கூடாது. இடுப்பில் கட்ட வேண்டும். சட்டையா, மூச்! ஊர்வலத்தில் இரவெல்லாம் நடந்து ஊத வேண்டும். செட்டிநாட்டுத் திருமண ஊர்வலம் ஒன்றில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டு வாசிக்க, பெரிய மனிதர்கள் அதை எடுக்கச் சொல்ல, எடுக்க வேண்டாமென்று பட்டுக்கோட்டை அழகிரிசாமி உடன் நின்ற கதையை நம் இயக்கத்தார் மறக்கவில்லை. இளமையில் இசை கற்கப் போன இடத்தில் சட்டை போடக் கூடாதென்ற கட்டுப்பாட்டைக் கண்டு மனம் வெதும்பியதைக் கலைஞர் தம் 'நெஞ்சுக்கு நீதி'யில் எழுதினார். ஊரே அந்த இசையில் மயங்கும். இசைத்தவன் மட்டும் இடுப்பில் துண்டோடு நிற்க வேண்டும்!

ராஜரத்தினம் குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தார். சட்டை அணிந்தார், ஷெர்வானி அணிந்தார். வாய்ப்பாட்டு வித்துவானுக்கு மேடை உண்டானால் நாயனத்துக்கும் மேடை உண்டு என்று, அமர்ந்து வாசித்தார். இதை ஆணவம் என்றனர் சிலர். அந்த ஆணவம் இல்லாதிருந்தால் நாயனம் வீதியை விட்டு ஏறியிருக்குமா?

அவர் உடையோடு நிற்கவில்லை, கருவியையும் மாற்றினார். இதைத்தான் நம் தோழர்கள் ஊன்றி நோக்க வேண்டும். பழைய நாயனம் திமிரி. குட்டையானது, சுருதி உயர்ந்தது. தெருக்கோடிவரை கேட்கும், ஆனால் அமர்ந்து நிதானமாக ராகத்தை விரிக்க இடங்கொடாது. சுத்த மத்திமமோ சரியாக நில்லாது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் சமாளிக்க வேண்டும். 'அப்பன் பாட்டன் ஊதியது, அப்படியே இருக்கட்டும்' என்று ராஜரத்தினம் இருக்கவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி என்னும் கைவினைஞர் குழலை நீட்டி, சுருதியைத் தாழ்த்தி, மத்திமம் தானே நிற்கும்படி செய்து கொடுத்தார். அதுவே பாரி நாயனம். ஒத்து ஊதிய இடத்தில் தம்புராவையும் வைத்தார் ராஜரத்தினம். கோயில் வாசலில் பிறந்த கருவியைக் கணக்கும் கைத்திறனும் கொண்டு திருத்திய இந்த வேலையைப் பகுத்தறிவு என்னாமல் வேறு என்னென்பது? அந்த ஊர் நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆசாரியின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

அவரது தோடியை இசைத்தட்டில் கேட்டுத் தமிழகமே கிறங்கியது. 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 'காளமேக'மாக நடித்தார். அவரைக் குறையற்றவராகக் காட்ட நாம் விரும்பவில்லை. குடி இருந்தது, காத்திருந்த சபையை ஏமாற்றியதும் உண்டு, சேர்த்த பொருள் தங்கவில்லை. 1956 டிசம்பர் 12ஆம் நாள் மறைந்தபோது வயது 58. அமெரிக்காவில் அவரினும் ஓராண்டே இளையவர் டியூக் எலிங்டன். புகழ்பெற்ற வாத்தியக் குழுவின் தலைவர், ஆனால் கறுப்பர். தென் மாநிலங்களில் விடுதிகள் இடம் தராமையால், ரயில் பெட்டிகளையே வாடகைக்கு எடுத்து, அவற்றிலேயே தம் குழுவோடு உறங்கினார். கடல் கடந்தும் அதே கதை! கைதட்டுவார்கள், படுக்க இடம் தரமாட்டார்கள்.

பந்தி முடிந்ததும் வாயிற்பக்கம் போனோம். மூத்தவர் சுவரில் சாய்ந்து நின்று சீவாளியை ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தார். 'ஐயா, ராஜரத்தினம் தோடி...' என்று நாம் தொடங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். உள்ளே மெல்லிசை முழங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அதை நம் காதருகே பிடித்தார்.

"தினம் ஒரு தடவை கேட்டுடுவேங்க. கேக்காட்டி நான் ஊதுறது எனக்கே பிடிக்காது" என்றார்.

நாம் மண்டபத்துக்குள் போனோம். முன்வரிசையிலிருந்து நாற்காலி ஒன்றைத் தூக்கினோம். காலையில் விரலசைத்த அந்த மனிதர் நம்மைப் பார்த்தார். நாமும் அவரைப் பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை அவர். நாற்காலியை மூத்தவர் அருகே கொண்டுபோய்ப் போட்டோம். அவர் உட்காரவில்லை. தவிலைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்த இளைஞனைக் கூப்பிட்டார்.

"நீ உக்காருப்பா. காலையிலேருந்து சுமந்துக்கிட்டு நிக்கிறே" என்றார்.

நாம் இன்னொரு நாற்காலி எடுக்க உள்ளே போனோம்.