விலையை மட்டுமா பார்ப்பது?

பிள்ளைகள் வீடியோ விளையாட்டு கேட்டால், விலையை மட்டும் பார்த்து வாங்கித் தந்துவிடுகிறோம். அமெரிக்காவின் அக்ளைம் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட 'பிஎம்எக்ஸ் எக்ஸ்எக்ஸ்எக்ஸ்' நமக்கொரு பாடம். சைக்கிளில் அந்தரத்தில் சுழன்று சாகசம் புரியும் விளையாட்டு அது. ஆபாசத்தைக் கலந்தால் விற்பனை பெருகும் என்று எண்ணினார்கள். வால்மார்ட் உள்ளிட்ட பெருங்கடைகள் அதை விற்க மறுத்தன. முந்தைய விளையாட்டுகளுக்குத் தம் பெயரைத் தந்த சைக்கிள் வீரர் டேவ் மிர்ரா, இதிலிருந்து விலகி வழக்கும் தொடுத்தார். விளையாட்டு விலைபோகவில்லை, கடனில் மூழ்கியிருந்த நிறுவனம் 2004-இல் திவாலாயிற்று.

இலாபத்தை இழக்க அந்த வணிகர்கள் துணிந்தார்கள். நாணம் ஈமானின் ஒரு கிளை என்றறிந்த நாமோ, பெட்டியின் பின்புறத்தில் எழுதியிருப்பதைக்கூடப் படிப்பதில்லை. இனியேனும் படிப்போம், இன்ஷா அல்லாஹ்.